ஞாயிறு கடுதாசி – 14: பாட்டி பேரும் பதினஞ்சு பக்க நோட்டீஸும்



போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் கடுதாசி வரலையேன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. (அதுல ஒருத்தன் என் ரூம்மேட். இன்னொருத்தர் அனானியா வந்த நானே.) அசைன்மெண்ட், பரீட்சை, ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா நடந்தது வேற. எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். பதினஞ்சு பக்கம்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க சித்தப்பா கோவில்பட்டியில கடலை மிட்டாய் கடை வச்சிருக்கார். 2020-ல கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே வாங்கின ஊரு, சும்மா இல்ல. கடைக்கு எங்க பாட்டி பேரு. பாட்டி வீட்டுத் திண்ணையில தட்டு வச்சு வித்தது, அப்புறம் பெட்டிக்கடையாச்சு, சித்தப்பா கைக்கு வந்தப்புறம் ஷட்டர் போட்ட கடையாச்சு. பேரு மட்டும் மாறல. (அந்தப் பேரு என்னன்னு இங்க எழுதப் போறதில்ல. ஏன்னு போகப் போகப் புரியும்.)

2021-ல கொரோனா ரெண்டாவது அலை. கடை சாத்தியிருக்கு. நான் பி.இ. மூணாம் வருஷம், வீட்டுல மோட்டுவளையைப் பாத்துட்டு உட்கார்ந்திருந்தேன். "கூரியர்ல அனுப்பலாம்லே, ஆர்டர் எடுக்க ஏதாச்சும் செய்யேன்"னு சித்தப்பா சொன்னார். அன்னிக்கு ராத்திரியே பாட்டி பேர்ல ஒரு டாட் காம் வாங்கினேன். எழுநூத்திச் சொச்சம் ரூபாய். அப்பாவோட கார்டு, என்னோட பேரு. நாலு பக்கம், நாலு போட்டோ, ஒரு வாட்ஸப் நம்பர். அவ்ளோதான் சைட்டு. அதுக்கப்புறம் நான் எம்.எஸ். பண்ண வட கரோலினாவுல ராலேக்கு வந்துட்டேன். வருஷா வருஷம் ரெனியூ பண்றதோட சரி.

நோட்டீஸ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஒரு பெரிய தின்பண்டக் கம்பெனியோட வக்கீல்கள் அனுப்பினது. எங்க பாட்டி பேரு எந்தப் பேரோ, அதே பேர்ல அவங்களுக்கு ஒரு ட்ரேட்மார்க் இருக்காம். 2005-லேர்ந்து அந்தப் பேர்ல விக்கிறாங்களாம். நான் அவங்க பேரைக் கெட்ட எண்ணத்தோட அமுக்கி வச்சிருக்கேனாம். ஏழு நாளைக்குள்ள டொமைனை எழுதிக் குடுக்கணும், இல்லைன்னா ஜெனீவாவுல உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கிட்ட புகார், நஷ்ட ஈடு, இத்யாதி.

கை நடுங்கிடுச்சு, சாமி சத்தியமா. மாணவர் விசாவுல இருக்குற பயலுக்கு 'நஷ்ட ஈடு'ன்னு ஒரு வார்த்தை போதும், ஏர்போர்ட்ல வச்சுப் புடிச்சிடுவாங்களோன்ற அளவுக்குக் கற்பனை ஓடும். ஊருல பொழுது விடிஞ்சதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, எங்கம்மா பேரை நான் வைக்க எவன்ட்டலே கேக்கணும்?"

"அப்படி இல்ல சித்தப்பா, அவங்க ட்ரேட்மார்க் வாங்கியிருக்காங்க."

"வாங்கட்டும். அவன் என்ன எங்கம்மாவையா வாங்கினான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவரே இறங்கி வந்தார். "கோர்ட்டு கேஸுன்னா நமக்கு வேணாம்ப்பா. நீ படிக்கப் போன இடத்துல வம்பு வரக்கூடாது. கேட்டா குடுத்துரு. போர்டு இருக்குல்ல, அது போதும்."

அந்தக் குரல்தான் என்னை என்னமோ பண்ணிடுச்சு. முப்பது வருஷமா யார்ட்டயும் பாகு பதம் மாத்தச் சம்மதிக்காத மனுஷன், எனக்காக அம்மா பேரை விடுறேன்றார்.

சரி, குடுக்குறதுதான் குடுக்குறோம், சும்மா எதுக்குக் குடுக்கணும்னு எனக்குள்ள இருந்த வியாபாரி முழிச்சிக்கிட்டான். "ஐம்பதாயிரம் ரூபாய் குடுத்தா மாத்திக் குடுக்குறேன்"னு ஒரு மெயில் எழுதி, அனுப்புறதுக்கு முன்னாடி காலையில இன்னொரு தடவை படிச்சுக்கலாம்னு தூங்கிட்டேன். மக்களே, என் வாழ்க்கையிலயே தூக்கம் எனக்குச் செஞ்ச பெரிய உதவி அதுதான்.

மறுநாள் யுனிவர்சிட்டியில மாணவர்களுக்கு இலவசமா சட்ட ஆலோசனை சொல்ற ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு வக்கீல் அம்மா. எங்க பாட்டி வயசுக்குப் பக்கத்துல இருப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, "வியாபாரத் தகராறு எங்க வேலைக்குள்ள வராது, உனக்காக நான் எழுத முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். விலை மட்டும் எழுதிடாதே"ன்னாங்க. அப்புறம், "நீ இருக்குறது எந்த ஊர்னு தெரியுமா? நிசான் கதை நடந்த ஊர். போய்ப் படி"ன்னு அனுப்பிட்டாங்க.

படிச்சேன். ரெண்டு வாரமா பாடத்தை விட்டுட்டு இதைத்தான் படிச்சேன். அதான் கடுதாசி வரல.

முதல்ல, விலை ஏன் எழுதக்கூடாது?

கனடாவுல விக்டோரியான்னு ஒரு ஊர். அங்க 17 வயசுப் பையன் ஒருத்தன், பேரு மைக் ரோ. 2003 ஆகஸ்ட்ல தன்னோட பேருக்குப் பின்னாடி 'சாஃப்ட்'டைச் சேர்த்து, மைக்ரோசாஃப்ட்.காம்னு ஒரு டொமைன் வாங்கினான். எழுதிப் பாத்தா வேற ஸ்பெல்லிங், வாய்விட்டுச் சொன்னா அந்தப் பெரிய கம்பெனி. குறும்பு! மைக்ரோசாஃப்ட் வக்கீல்கள் கடுதாசி போட்டாங்க, பதிவுச் செலவு 10 டாலர் தர்றோம், குடுத்துடுன்னு. பத்து டாலரான்னு பையனுக்கு ரோஷம் வந்து, 10,000 டாலர் கேட்டான். அடுத்து வந்தது 25 பக்கக் கடுதாசி. நீ விக்கிறதுக்குன்னே பதிவு பண்ணியிருக்க, அதுக்குச் சாட்சி நீ கேட்ட இந்தப் பத்தாயிரம்னு. விஷயம் பத்திரிகைக்குப் போய், உலகமே பையன் பக்கம் நின்னதால 2004 ஜனவரியில சமரசமாச்சு. டொமைன் கம்பெனிக்கு. பையனுக்குப் புது சைட்டுக்கு உதவி, ஒரு எக்ஸ்பாக்ஸ், கம்பெனியைப் பாக்க ஒரு பயணம். எனக்காக யார் பத்திரிகைக்குப் போவா? என் ரூம்மேட்டே நான் எழுதுறதைப் பாதிதான் படிக்கிறான்.

இதுக்கெல்லாம் ஒரு விதிமுறை இருக்கு. டொமைன் பேருகளை மேற்பார்க்கிற ஐகேன் அமைப்பு 1999-ல கொண்டுவந்தது. சுருக்கமா யூ.டி.ஆர்.பி. நாம டாட் காம் வாங்குறப்போ படிக்காம டிக் அடிக்கிறோமே, அந்த ஒப்பந்தத்துக்குள்ளயே இது இருக்கு. புகார் குடுக்குறவர் மூணு விஷயத்தை நிரூபிக்கணும். மூணும். ரெண்டு போதாது.

ஒண்ணு, டொமைன் பேரு அவரோட ட்ரேட்மார்க் மாதிரியே இருக்கு, இல்ல குழப்புற அளவுக்கு நெருக்கமா இருக்கு.

ரெண்டு, வச்சிருக்குறவருக்கு அந்தப் பேர் மேல எந்த உரிமையும் நியாயமான காரணமும் இல்ல.

மூணு, கெட்ட எண்ணத்தோட பதிவு பண்ணினது மட்டுமில்ல, கெட்ட எண்ணத்தோடவே பயன்படுத்திக்கிட்டும் இருக்கார்.

இந்த மூணாவதுக்கு விதியே உதாரணம் குடுக்குது. அதுல முதல் உதாரணம் என்ன தெரியுமா? ட்ரேட்மார்க் வச்சிருக்குறவர்கிட்டயே செலவை விட அதிக விலைக்கு விக்கிறதுக்காகப் பதிவு பண்றது. என்னோட ஐம்பதாயிரம் ரூபாய் மெயில் போயிருந்தா, அவங்க புகாருக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்த விதிப்படி முடிவான முதல் வழக்கே விலையால தோத்த வழக்குதான். அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி, அப்போ வேர்ல்டு ரெஸ்லிங் ஃபெடரேஷன். (அண்டர்டேக்கர் கார்டு வச்சு விளையாடின தலைமுறைக்கு விளக்கம் தேவையில்ல.) 1999 அக்டோபர்ல ஒருத்தர் அந்தப் பேரை டாட் காமா பதிவு பண்ணினார். மூணாம் நாளே கம்பெனிக்கு மெயில், ஆயிரம் டாலருக்கு வாங்கிக்கிறீங்களான்னு. டிசம்பர் தொடக்கத்துல புகார். அவர் அதுல ஒரு சைட்டு கூடப் போடல. அப்புறம் 'பயன்படுத்தினார்'னு எப்படிச் சொல்றது? விக்கப் பாத்ததே பயன்படுத்தினதுதான்னு சொல்லி, 2000 ஜனவரி 14-ஆம் தேதி தீர்ப்பு வந்துடுச்சு. டொமைன் கம்பெனிக்கு. ஆறு வாரம், கதை முடிஞ்சது.

இந்த முறையில கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். எல்லாம் எழுத்துலதான். புகார் குடுக்குறவர்தான் கட்டணம் கட்டணும். ஜெனீவா அமைப்புல ஒரே நடுவர்னா, அஞ்சு டொமைன் வரைக்கும் 1,500 டாலர். நமக்குப் பதில் சொல்ல 20 நாள். கிடைக்கக்கூடிய தண்டனை ரெண்டே ரெண்டு: டொமைனை மாத்திக் குடு, இல்ல ரத்து பண்ணு. நஷ்ட ஈடு கிடையாது! இதைப் படிச்சப்போதான் எனக்கு மூச்சே வந்தது. நோட்டீஸ்ல இருந்த நஷ்ட ஈடு, கோர்ட்டுக்குப் போனா மட்டும் வர்ற பூச்சாண்டி. தோத்தவர் 10 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுல வழக்குப் போட்டா மாத்துறது நிக்கும். சும்மா அமுக்கி வச்சிருந்தா தப்பிச்சிடலாம்னும் நெனைக்காதீங்க. ஆஸ்திரேலியாவோட டெல்ஸ்ட்ரா வழக்குல 2000-லயே, சூழ்நிலையைப் பொறுத்து சும்மா வச்சிருக்குறதும் கெட்ட பயன்பாடுதான்னு சொல்லிட்டாங்க.

இனிமே நம்ம ஊர்க் கதை. அதாவது ராலே கதை.

ஊஸி நிசான்னு ஒருத்தர். ஜெருசலேம்ல பிறந்தவர். நிசான்ங்கிறது அவரோட குடும்பப் பேரு. யூதர்களோட காலண்டர்ல ஒரு மாசத்தோட பேரும்கூட. நம்ம ஊர்ல கார்த்திகேயன் 'கார்த்திக்'னு கடை போடுற மாதிரி, 1980-ல இருந்து இதே ராலேயில தன் பேர்லயே தொழில் பண்ணினார். முதல்ல வெளிநாட்டுக் கார்களுக்கு ரிப்பேர் கடை. அப்போ ஜப்பான்காரன் கம்பெனி காரெல்லாம் அமெரிக்காவுல 'டாட்ஸன்'ங்கிற பேர்லதான் ஓடிட்டிருந்தது. அப்புறம் ஏற்றுமதி இறக்குமதி. 1991-ல நிசான் கம்ப்யூட்டர் கம்பெனி. 1994 ஜூன்ல நிசான்.காம் பதிவு பண்ணினார். அப்போ இணையத்துல இடம் புடிக்கணும்னு கார் கம்பெனிக்குத் தோணவே இல்ல.

1995-லயே கார் கம்பெனி ஒரு கடுதாசி போட்டிருக்கு. இவர் பதில் போடல. 1999 ஆகஸ்ட்ல ஒரு காரியம் பண்ணினார். சைட்டுல விளம்பரம் போட ஆரம்பிச்சார். அதுல கார் சம்பந்தப்பட்ட விளம்பரமும் இருந்தது. அக்டோபர்ல ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியும் ஒத்து வரல. 1999 டிசம்பர்ல ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கு. அதுவும் இங்க இல்ல, நாட்டோட அந்தக் கோடியில, லாஸ் ஏஞ்சலஸ்ல. கன்னியாகுமரியில கடை வச்சிருக்குறவன் காஷ்மீர் கோர்ட்டுக்குப் போன கதைதான்.

கவனிச்சீங்களா? மல்யுத்த வழக்கும் நிசான் வழக்கும் ஆரம்பிச்சது ஒரே மாசம். ஒண்ணு ஜெனீவா வழி, ஒண்ணு கோர்ட்டு வழி. முதலாவது ஆறு வாரம். ரெண்டாவது கிட்டத்தட்ட எட்டு வருஷம்.

2000-ல ஒரு இடைக்கால உத்தரவு: இந்த சைட்டுக்கும் கார் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லைன்னு மேல எழுதி வை, கார் விளம்பரம் போடாதே. கீழ்க் கோர்ட்டு பின்னாடி இன்னும் இறுக்கிச்சு. வியாபார விஷயமே கூடாது, கார் கம்பெனியைத் திட்டுற சைட்டுகளுக்கு லிங்க் கூடக் குடுக்கக்கூடாது. 2004 ஆகஸ்ட்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னது. கார் விளம்பரம் போட்டது தப்புதான், ஏன்னா காரைத் தேடி வந்தவனோட குழப்பத்துல இவர் காசு பாத்துட்டார். மத்த விளம்பரத்துல அந்தக் குழப்பம் இல்ல. திட்டுற லிங்க்குக்குத் தடை போட்டது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம். அந்தக் கார் பேரு எப்ப பிரபலமாச்சுன்னு பாக்குறதுக்கு இவர் டொமைன் வாங்கின 1994-ஐப் பாக்காதே, அந்தப் பேர்ல கம்ப்யூட்டர் தொழில் ஆரம்பிச்ச 1991-ஐப் பாருன்னும் சொன்னது. 2005 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துடுச்சு. கடைசியில டொமைன் அவர்கிட்டயே நின்னது. கார் கம்பெனி அமெரிக்காவுல 'நிசான்யூஎஸ்ஏ'ன்னு வேற முகவரியில கடை விரிக்க வேண்டியதாப் போச்சு.

ஜெயிச்சார். ஆனா அவரே சொன்ன கணக்குல செலவு கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். அந்த வருஷங்கள்ல அவர் சைட்டுல கம்ப்யூட்டரை விட வழக்கைப் பத்தின எழுத்துதான் பெருசாத் தெரிஞ்சது. 2020 ஜூலையில கொரோனாவுல செத்துப் போனார். நான் தினமும் பஸ்ல போற ஊர்ல இப்படி ஒரு மனுஷன், தன் அப்பன் பாட்டன் பேருக்காகப் பாதி வாழ்க்கையைக் குடுத்துட்டுப் போயிருக்கார்.

இதைப் படிச்சு முடிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி. அப்போதான் அந்தப் பதினஞ்சு பக்க நோட்டீஸோட கடைசி இணைப்பை ஒழுங்காப் பாத்தேன். பாத்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு.

எங்க சைட்டோட ஸ்க்ரீன்ஷாட். கீழ ஓரத்துல ஒரு விளம்பரப் பெட்டி. அதுக்குள்ள அந்தக் கம்பெனியோட மிக்சர் விளம்பரம்.

போட்டது நான்தான். செலவுக்கு ஆகுமேன்னு 2022-ல ஒரு விளம்பரச் சேவையைச் சேர்த்துவிட்டேன். சித்தப்பாவுக்கே தெரியாது. அந்தப் பெட்டி தானா ஆளைப் பாத்து விளம்பரம் போடும். எங்க பாட்டி பேரைத் தேடி வந்தவங்களுக்கு அந்தக் கம்பெனியைக் காட்டியிருக்கு. மூணு வருஷத்துல அதுல வந்த மொத்த வருமானம் 11 டாலர். ஊஸி நிசான் சறுக்கின அதே படிக்கட்டு. பேரு நம்மளது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அடுத்தவன் பேரைத் தேடி வந்தவனை வச்சுக் காசு பாத்தா அந்த நியாயம் ஓட்டையாயிடும். 'பேரு யாரோடது'ங்கிறது பாதிக் கேள்விதான். 'அந்தப் பேரை வச்சு என்ன பண்ற'ங்கிறது மீதி.

அந்த ராத்திரியே பெட்டியைத் தூக்கினேன். காலையில சித்தப்பாவுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு பாத்தா, "பதினோரு டாலர்னா எம்புட்டுலே?"ன்னு மட்டும் கேட்டார்.

அப்புறம் ஆதாரம் சேர்க்குற படலம். ஏன் ஆதாரம்னா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. நம்ம சென்னைக் கம்பெனி சிஃபி. கிட்டத்தட்ட அதே பேர்ல ஒரு எழுத்து மட்டும் கூடுதலாப் போட்டு இன்னொரு கம்பெனி டொமைன் வாங்கிச்சு. கேட்டா, அது எங்க அஞ்சு பங்குதாரர் பேரோட முதல் எழுத்துன்னாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2004 மே மாசம் வந்த தீர்ப்புல, இந்த அஞ்சு எழுத்துக் கதையை நீதிமன்றம் நம்பல. டொமைன் பேருக்கும் ட்ரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு உண்டுன்னு இந்தியாவுல நிலைநாட்டின தீர்ப்பும் அதுதான். பேருக்குப் பின்னாடி கதை இருந்தா பத்தாது, கதைக்குக் காகிதம் வேணும்.

எங்ககிட்ட கம்பெனிப் பத்திரம் ஒண்ணும் கிடையாது. ஆனா சித்தி பரண்ல ஏறி ஒரு தகரப் பெட்டியை இறக்கினாங்க. அதுல என்னென்ன இருந்துச்சுன்னா: கடைப் பேரு அச்சடிச்ச 1998 தினசரி காலண்டர் அட்டை. நகராட்சிக்குக் கட்டின லைசென்ஸ் ரசீதுகள். கோயில் கொடை நோட்டீஸ் நாலு வருஷத்துக்கு, 'உபயம்' வரிசையில கடைப் பேரோட. எலி கடிச்ச ஒரு பில் புக். எல்லாத்தையும் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பினா. அந்தக் காலண்டர் அட்டையில முருகன் சிரிச்சிட்டிருந்தார். 2005-லேர்ந்து விக்கிறோம்னு சொல்றவங்களுக்கு 1998 முருகனை விடப் பெரிய சாட்சி யாரு?

யூ.டி.ஆர்.பி.-யில ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வழியும் விதியிலயே இருக்கு. தகராறு வர்றதுக்கு முன்னாடியே நியாயமா அந்தப் பேர்ல வியாபாரம் பண்ணியிருக்கணும், இல்ல அந்தப் பேராலயே நாலு பேர் நம்மைத் தெரிஞ்சு வச்சிருக்கணும். ட்ரேட்மார்க் இல்லாட்டியும் பரவால்ல. இந்திய ட்ரேட்மார்க் சட்டத்துல 34-வது பிரிவு, பதிவு பண்ணினவருக்கு முன்னாடியே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரைத் தடுக்க முடியாதுங்குது. 35-வது பிரிவு இன்னும் அழகு: ஒருத்தர் தன் சொந்தப் பேரையோ, அந்தத் தொழில்ல தனக்கு முன்னாடி இருந்தவர் பேரையோ நேர்மையாப் பயன்படுத்துறதைத் தடுக்கக்கூடாது. தொழில்ல தனக்கு முன்னாடி இருந்தவர்! திண்ணையில தட்டு வச்சு உட்கார்ந்திருந்த பாட்டிக்குச் சட்டப் புத்தகத்துல இப்படி ஒரு இடம் இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல.

ஆறாம் நாள் பதில் அனுப்பினேன். மூணே பக்கம், இணைப்பு பன்னெண்டு. சண்டை போடல. பாட்டி யாரு, கடை எப்பலேர்ந்து, டொமைன் எதுக்கு வாங்கினோம். விளம்பரப் பெட்டி போட்டது என் தப்பு, எடுத்துட்டேன். டொமைனை விக்க வரல, விக்கவும் மாட்டோம். உங்க பேர்ல ஒரு பொட்டலம் கூட வித்ததில்ல. குழப்பம் வரக்கூடாதுன்னு நீங்க நெனச்சா அதுக்கு நாங்களும் தயார். விலைன்னு ஒரு எண் கூட அதுல இல்ல.

பதில் வர்ற வரைக்கும் ஒவ்வொரு மெயில் சத்தத்துக்கும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. போன வியாழக்கிழமை வந்தது. ஒன்றரைப் பக்கம். தங்களோட உரிமை எதையும் விட்டுக் குடுக்கலைன்னு மூணு இடத்துல எழுதிட்டு (அது வக்கீலுக்குக் கைப்பழக்கம் போல), ரெண்டு நிபந்தனையோட இப்போதைக்குப் புகார் குடுக்கலைன்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்களோட தின்பண்ட விளம்பரம் சைட்டுல வரக்கூடாது. எங்களுக்கும் அவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு முதல் பக்கத்துல பளிச்சுன்னு எழுதணும்.

2000-ல ஊஸி நிசானுக்குக் கோர்ட்டு போட்ட முதல் உத்தரவும் கிட்டத்தட்ட இதேதான்! ரெண்டு பக்கமும் அங்கயே நின்னிருந்தா எட்டு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும். ஆனா எட்ட இருந்து சொல்றது சுலபம். அவர் இடத்துல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேனோ.

சித்தப்பாகிட்ட நிபந்தனையைப் படிச்சுக் காட்டினேன். முதல் நிபந்தனைக்கு "சரி"ன்னார். ரெண்டாவதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பிச்சிட்டார்.

"ஏலே, இதுக்கா பதினஞ்சு பக்கம் எழுதினான்? கடை போர்டுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்ன வயசுல எழுத்துக் கூட்டிப் படிச்சதே அந்தப் போர்டுலதான். சிவப்புப் பெயிண்ட்ல, கொஞ்சம் கோணலா: எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.

அதே வரியைப் போட்டோ எடுத்து சைட்டோட தலையில வச்சாச்சு. கீழ வக்கீலுக்காக இன்னொரு வரியும் சேர்த்தாச்சு. இதோட பிரச்சனை நிரந்தரமா தீந்துச்சான்னு கேட்டா, இல்ல. நாளைக்கே அந்தக் கம்பெனிக்கு மனசு மாறலாம். அதனால ஊர்ல ஒரு வக்கீலைப் பாத்து சித்தப்பா பேர்ல ட்ரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கேன். மிட்டாய்க்கு 30-வது வகுப்பு, தனி நபர் ஆன்லைன்ல போட்டா அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். டொமைனையும் என் பேர்லேர்ந்து சித்தப்பா பேருக்கு மாத்தணும். கடை அவரோடது, பேரு அவங்க அம்மாவோடது. நடுவுல நான் எதுக்கு?

சரி மக்களே, உங்கள்ல பாதிப் பேர் சொந்த டொமைன் வச்சிருக்கீங்க. இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி ரெண்டு விஷயம் பாருங்க. அது யார் பேர்ல பதிவாகியிருக்கு? ஓரத்துல என்ன விளம்பரம் ஓடுது? அப்புறம் வீட்டுப் பரண்ல தகரப் பெட்டி இருந்தா, எலி கடிச்சிருந்தாலும் பரவால்ல, தூக்கிப் போட்டுடாதீங்க.

அடுத்த ஞாயிறு சந்திப்போம். இப்ப ரெண்டு அசைன்மெண்ட் கழுத்தைப் பிடிக்குது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. இதைப் படிச்சுட்டு நேரா ஜெனீவாவுக்குப் பதில் எழுதிடாதீங்க. தெரிஞ்ச வக்கீலைப் பாருங்க. டாட் இன் வச்சிருக்குறவங்களுக்கு விதி தனி, அதுல கெட்ட எண்ணத்தோட பதிவு பண்ணியிருந்தாலோ, பயன்படுத்தினாலோ, ஏதாவது ஒண்ணே போதும். நம்மளை விட அவங்க ஜாக்கிரதையா இருக்கணும்.

டிஸ்கி 2: கடலை மிட்டாய் வேணும்னு யாரும் கேக்காதீங்க. கடைப் பேரைச் சொல்ல மாட்டேன். :-)